லேசரில் முடி நீக்கம்: யாருக்குப் பொருந்தும், எப்படித் தயாராவது?

தை முகூர்த்தங்களுக்கு நாள் குறிக்கத் தொடங்கியதும் தோல் மருத்துவப் பகுதிக்கு வரும் கடிதங்களில் லேசர் பற்றிய கேள்விகள் கூடிவிடுகின்றன. அவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை, எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டு, இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் வயது 25. தை மாதம் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. மேலுதட்டிலும் தாடையிலும் வளரும் முடியைக் கல்லூரிக் காலத்திலிருந்தே பியூட்டி பார்லரில் திரெடிங் செய்து எடுத்து வருகிறேன். நான் நல்ல கறுப்பு நிறம். "கறுத்த தோலில் லேசர் வைத்தால் வெந்துபோகும்" என்கிறார் என் அத்தை. பார்லரிலோ, "மூன்றே சிட்டிங்கில் ஒரு முடிகூட இருக்காது" என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது? — வாசகி, திருமங்கலம்

பதில்: உங்கள் அத்தையின் அச்சத்தில் ஒரு காலத்து உண்மை இருக்கிறது, பார்லரில் சொன்னதில் உண்மை மிகக் குறைவு. லேசர் ஒளி குறிவைப்பது முடியை அல்ல, முடியில் இருக்கும் மெலனின் என்ற கரிய நிறமியை. அந்த நிறமி ஒளியை உறிஞ்சிச் சூடாகி, அந்தச் சூடு முடியைச் சுற்றியுள்ள வேர்ப்பையைச் சிதைக்கும்போதுதான் முடி வளர்வது குறைகிறது. உடலில் ஒரு நிறமியை மட்டும் தேர்ந்து சூடாக்க முடியும் என்ற இந்தக் கோட்பாட்டை ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1983-இல் வெளியிட்டார்கள். இன்றைய முடி நீக்கும் கருவிகள் எல்லாம் அதன்மீது கட்டப்பட்டவைதான்.

அதே மெலனின் தோலின் மேலடுக்கிலும் இருப்பதுதான் சிக்கல். உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்தில் வெறுங்காலுடன் நடந்தவர்களுக்குத் தெரியும்: கருங்கல் தளம் காலைச் சுடும், வெள்ளை அடித்த பாதை பொறுக்கும்படி இருக்கும். கறுத்த தோலும் அதுபோல ஒளியை மேலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. தொடக்கத்தில் வந்த 694 நானோமீட்டர் ரூபி லேசரை மெலனின் மிக அதிகமாக உறிஞ்சும் என்பதால், அது நம் போன்றோரின் தோலைப் புண்ணாக்கியது. அலைநீளம் கூடக் கூட மேல்தோல் ஒளியை உறிஞ்சுவது குறைந்து, ஒளி ஆழமாக இறங்குகிறது. அதனால்தான் 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் கறுத்த தோலுக்கு மிகப் பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது. நல்ல குளிரூட்டலும், நீண்ட துடிப்பும் (ஒருமுறை ஒளி பாயும் நேரம்) இருந்தால், 800 முதல் 810 நானோமீட்டர் வரையிலான டயோடு லேசரையும் அனுபவமுள்ளவர் பயன்படுத்தலாம். ஆகவே உங்கள் நிறம் இந்தச் சிகிச்சைக்குத் தடை இல்லை. எந்தக் கருவி, எவ்வளவு ஆற்றல் என்பதைத்தான் அது முடிவு செய்கிறது. அதற்கு மேல், உங்கள் முடி கறுத்துத் தடித்திருக்கிறது என்றால் நீங்கள் பொருத்தமானவரே.

மூன்று சிட்டிங் என்ற கணக்குக்கு வருவோம். எந்த நேரத்திலும் முடிகளில் ஒரு பகுதிதான் வளரும் பருவத்தில் இருக்கும். மற்றவை ஓய்வில் இருக்கும். வேரோடு இணைந்து வளர்ந்துகொண்டிருக்கும் முடிதான் லேசருக்கு வசப்படும் என்பதால், முகத்துக்கு 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை வீதம் பெரும்பாலோருக்கு 6 முதல் 8 அமர்வுகள் தேவைப்படும். அதன் பிறகும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை பராமரிப்பு வேண்டியிருக்கலாம். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. இக்கருவிகளுக்கு அனுமதித்திருக்கும் சொல் "நிரந்தர முடிக் குறைப்பு" என்பதே. ஒரு முடிகூட வராது என்று யார் எழுதிக் கொடுத்தாலும் நம்ப வேண்டாம். ஆடியில் தொடங்கினால் தைக்குள் ஐந்து அமர்வுகள் வரை முடிக்கலாம். முடி கணிசமாகக் குறைந்தும் மென்மையாகவும் இருக்கும். கடைசி அமர்வுக்கும் முகூர்த்தத்துக்கும் இடையே மூன்று வாரமாவது விட்டுவிடுங்கள். ஐப்பசியில் வந்து தைக்குள் முடித்துக் கொடுங்கள் என்று கேட்கும் மணப்பெண்களிடம், திருமணத்துக்குப் பிறகு நிதானமாகத் தொடங்கலாம் என்றுதான் சொல்லி வருகிறேன்.

இனித் தயாரிப்பு. திரெடிங்கை இன்றே நிறுத்துங்கள். நூலால் முடியைப் பிடுங்கும்போது லேசருக்குக் குறியாக வேண்டிய முடித்தண்டே வேர்ப்பையிலிருந்து வெளியே வந்துவிடுகிறது. பிடுங்கி ஒரு வாரத்தில் லேசருக்கு வருவது பணத்தை வீணாக்குவதாகும். முதல் அமர்வுக்கு முன்பு 4 முதல் 6 வாரமும், சிகிச்சை நடக்கும் மாதங்கள் முழுவதும், திரெடிங், வாக்சிங், பிளக்கிங், எபிலேட்டர் எதுவும் கூடாது. ப்ளீச்சிங்கும் கூடாது, அது முடியின் கறுப்பையே போக்கிவிடும். இடையில் முடி தெரிந்தால் முகத்துக்கான சிறு ரேசரால் மழித்துக்கொள்ளலாம். அமர்வுக்கு முந்திய நாள் மழித்துவிட்டு வாருங்கள். தோலுக்கு மேல் நீண்டிருக்கும் முடி லேசர் பட்டுக் கருகினால், அந்தச் சூடு தோலைத்தான் சுடும்.

திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு ஸ்கூட்டரில் வேலைக்கு வருபவராக இருந்தால், வெயில்தான் உங்கள் முதல் கவலையாக இருக்க வேண்டும். வெயில்பட்டுக் கறுத்த தோலில் மெலனின் கூடுதலாக இருப்பதால், தீக்காயம் ஏற்படும் வாய்ப்பும் கூடுகிறது. எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைக் கிளம்பும் முன்பும், மதியம் மீண்டும் ஒருமுறையும் பூசுங்கள். துப்பட்டாவை முகத்தில் சுற்றுவது நல்லதே என்றாலும், அது மட்டும் போதாது. கத்திரி வெயில் நாட்களில் புதிதாகத் தொடங்குவதை நான் விரும்புவதில்லை.

மஞ்சள் பூசிக் குளிக்கும் வழக்கம் இருந்தால், சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பும் ஒரு வாரம் பின்பும் நிறுத்தி வையுங்கள். தோலின் உண்மையான நிறத்தைப் பார்க்க விடாமல் அது மறைக்கிறது, சிவந்திருக்கும் தோலில் எரிச்சலையும் தருகிறது. நிறம் கூட்டுவதற்காக மருந்துக் கடையில் வாங்கிய க்ரீம் ஏதேனும் முகத்தில் பூசி வருகிறீர்களா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவற்றுள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது தோலை மெலிதாக்குவதோடு, முகத்தில் முடி வளர்வதற்கே காரணமாகவும் அமையும். மேலுதட்டில் அடிக்கடி அக்கி போலக் கொப்புளம் வருபவராக இருந்தால், லேசர் அதைத் தூண்டிவிடக்கூடும். முன்கூட்டியே மாத்திரை கொடுத்துத் தடுக்கலாம். கடைசியாக, முழுப் பகுதிக்கும் செய்யும் முன், காதுக்குக் கீழே ஓரிரு புள்ளிகளில் சோதித்துப் பார்த்து, இரண்டு நாளாவது காத்திருக்கும் இடத்துக்கே செல்லுங்கள். கறுத்த தோலில் காயம் உடனே தெரிவதில்லை.

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. இரண்டு வருடமாகத் தாடையிலும் கழுத்திலும் முடி வளர்கிறது. மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, எடையும் கூடிவிட்டது. வெளியே வரவே கூச்சப்படுகிறாள். கடன் வாங்கியாவது லேசர் செய்துவிடலாம் என்று இருக்கிறோம். சரியா? — ஒரு தாய், மேலூர்

பதில்: அம்மா, கடன் வாங்கும் முன் ஒரு மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படிக்கும்போது, பி.சி.ஓ.எஸ். என்று சொல்லப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம் என்றே தோன்றுகிறது. உடலில் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மிகும்போது, தாடை, கழுத்து, மார்பு, அடிவயிறு போன்ற இடங்களில் மெல்லிய பூனைமுடியாக இருக்க வேண்டியது தடித்துக் கறுக்கிறது. லேசர் இன்றிருக்கும் தடித்த முடியைக் குறைக்கும். ஹார்மோன் அடுத்த மாதம் புதிதாகத் தடிக்க வைக்கும் முடியை அதனால் தடுக்க முடியாது. காரணத்தைக் கவனிக்காமல் லேசருக்குப் போன பெண்கள், பேக்கேஜ் முடிந்ததும் மீண்டும் பழைய நிலைக்கே வந்து, தங்கள் உடலையே நொந்துகொள்வதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு இராஜாஜி மருத்துவமனையில், மகளிர் நோய்ப் பிரிவும் தோல் பிரிவும் உண்டு, அங்கிருந்தே தொடங்கலாம். டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரோலாக்டின், 17-ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோன், ரத்தச் சர்க்கரை ஆகியவற்றை மருத்துவர் தேவைக்கேற்பப் பார்ப்பார். ஸ்கேன் ஒன்றை வைத்து மட்டும் பயந்துவிட வேண்டாம். வயதுக்கு வந்து 8 ஆண்டுகள் ஆகும் வரை, ஸ்கேனை வைத்துப் பி.சி.ஓ.எஸ். என்று முடிவு செய்யக் கூடாது என்பது சர்வதேச வழிகாட்டுதல். அந்த வயதில் நலமாக இருக்கும் பெண்களின் சினைப்பையும் ஸ்கேனில் அப்படித் தெரிவது உண்டு.

மாத்திரை தொடங்கினால், முடி வளர்ச்சியில் மாற்றம் தெரிய ஆறு மாதமாவது ஆகும். எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காவதைக் காண்கிறோம். இவற்றோடு சேர்த்து லேசரும் செய்யலாம், அதில் தவறே இல்லை. மருந்து வேலை செய்யும் மாதங்களில், உங்கள் மகள் தலை நிமிர்ந்து கல்லூரிக்குப் போவதற்கு அது பெரிய துணை. வரிசைதான் முக்கியம்: முதலில் பரிசோதனை, பிறகு மருந்து, அதனுடன் லேசர். மற்றவர்களைவிட அமர்வுகள் கூடுதலாக வேண்டியிருக்கும் என்பதையும், பின்னர் பராமரிப்பு தொடரும் என்பதையும் அவளிடமும் சொல்லித் தொடங்குங்கள்.

ஒன்று மட்டும் தாமதிக்கக் கூடாதது. சில மாதங்களுக்குள் முடி வேகமாக வளர்வது, குரல் கரகரப்பது, தலையின் முன்பகுதியில் ஆண்களைப் போல வழுக்கை விழுவது ஆகியவை இருந்தால், சினைப்பையிலோ அட்ரினல் சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று அந்த வாரமே பார்த்தாக வேண்டும்.

கேள்வி: மழித்தால் முடி தடித்து வளரும் என்று என் பாட்டி திட்டுகிறார். லேசருக்கு முன் மழித்துத்தான் ஆக வேண்டுமா? — வாசகி, வாடிப்பட்டி

பதில்: மழித்துத்தான் ஆக வேண்டும். மழிப்பதால் முடி தடிப்பதில்லை. இயல்பாக வளர்ந்த முடியின் நுனி கூர்ந்து மெலிந்திருக்கும். மழித்த முடியின் நுனி மட்டமாக வெட்டுப்பட்டிருப்பதால், முளைத்து வரும்போது விரலுக்குச் சொரசொரப்பாகப் படுகிறது. வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, ரேசர் அதைத் தொடுவதே இல்லை.

கேள்வி: கைகளுக்கு லேசர் செய்து வந்தேன். நான்கு முறை எந்தத் தொந்தரவும் இல்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போய்ப் பகல் முழுவதும் வெயிலில் நின்றேன். அடுத்த வாரம் ஐந்தாம் அமர்வு. அதில் வழக்கத்தைவிட எரிச்சல் அதிகமாக இருந்தது. மறுநாள் முழங்கைக்குக் கீழே சின்னச் சின்னச் சதுரமாகக் கறுத்து, இரண்டில் பொருக்குத் தட்டியது. பணியாளரிடம் கேட்டால், "உங்களுக்குத் தோல் சென்சிடிவ்" என்கிறார். இனி இந்தத் தழும்பு போகுமா? — வாசகி, அண்ணா நகர், மதுரை

பதில்: உங்கள் தோலில் குறை இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் சதுர வடிவம், தோலில் வைத்து அழுத்தும் லேசர் முனையின் வடிவம். ஒவ்வொரு முறை அது பட்ட இடமும் அச்சுப் பதித்ததுபோல் தனித்தனியாகத் தெரிகிறது. வெயிலில் நின்று தோலின் மெலனின் கூடியிருந்த நிலையில், முந்தைய அமர்வின் அதே அளவை, அல்லது ஒரு படி ஏற்றி, வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நான்கு முறை பொறுத்த அளவு ஐந்தாம் முறையும் பொறுக்கும் என்ற எண்ணம் ஆபத்தானது. ஒவ்வொரு முறையும் தோலைப் பார்த்து, "கடந்த மாதம் வெயிலில் இருந்தீர்களா, புதிதாக மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா" என்று கேட்டுவிட்டுத்தான் கருவியைத் தொட வேண்டும். அன்று அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், நான்கு வாரம் கழித்து வாருங்கள் என்று உங்களை அனுப்பியிருப்பார்கள்.

பொருக்கைப் பிய்க்காதீர்கள், தானாக உதிரட்டும். தேங்காய் எண்ணெய், மஞ்சள், எலுமிச்சை எதையும் தேய்க்காமல், மருத்துவர் தரும் களிம்பையும், புண் ஆறியதும் சன்ஸ்கிரீனையும் மட்டும் பூசுங்கள். இத்தகைய கறுப்பு பெரும்பாலும் சில மாதங்களில் மங்கிவிடும். சில இடங்களில் நிறம் வெளுத்தால் அது திரும்ப இன்னும் கூடுதல் காலம் எடுக்கும். நிறம் முழுவதும் சீராகும் வரை அடுத்த அமர்வு வேண்டாம்.

உங்கள் சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்தக் கருவி, என்ன அலைநீளம், எத்தனை ஜூல் ஆற்றல், எத்தனை மில்லிசெகண்ட் துடிப்பு என்பவை ஒவ்வொரு தேதிக்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அப்படி ஒரு குறிப்பே இல்லை என்றால் அந்த இடத்துக்கு மீண்டும் போகாதீர்கள். தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்கள் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழையும், மருத்துவரின் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணையும் கேட்பதில் தயக்கமே வேண்டியதில்லை. லேசரைப் பயிற்சி பெற்ற பணியாளர் இயக்கலாம். ஆனால் அளவைத் தீர்மானித்த தோல் மருத்துவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் தோலைப் பார்க்காமல் பேக்கேஜ் விலையைச் சொல்லும் இடத்தில், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும், முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: வலி தாங்க மாட்டேன். மருந்துக் கடையில் மரப்புக் களிம்பு வாங்கி, இரண்டு காலிலும் பூசிக்கொண்டு பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்கிறாள் தோழி. செய்யலாமா? — வாசகி, திருப்பரங்குன்றம்

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். இது வலியைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல, உயிரைப் பற்றிய கேள்வி. அமெரிக்காவில் இளம் பெண்கள் இருவர், லேசர் முடி நீக்கத்துக்குப் போகும் முன் இதேபோல் கால்களில் மரப்புக் களிம்பைப் பூசித் தாளால் சுற்றிக்கொண்டு, வலிப்பு வந்து, நினைவிழந்து, பின்னர் இறந்துபோனார்கள். அதைச் சுட்டிக்காட்டி எஃப்.டி.ஏ. 2007-இல் பொதுமக்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டது. களிம்பில் உள்ள லிடோகெய்ன் போன்ற மருந்து தோல் வழியாக ரத்தத்தில் கலக்கிறது. பூசும் பரப்பு பெரிதானால், தாளால் மூடினால், தோல் சூடானால் அல்லது உராய்ந்திருந்தால் கலக்கும் அளவு கூடி, மூளையையும் இதயத்தையும் தாக்குகிறது.

மேலுதடு, அக்குள் போன்ற சிறிய இடங்களுக்கு, மருத்துவர் சொன்ன அளவில், அவர் கண்முன் பூசிக்கொள்ளலாம். கால்களுக்குக் குளிர்ந்த முனையும் குளிர்காற்றும் போதும். ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்டதுபோல் ஒரு சுருக்கு இருக்கும், பெரும்பாலோர் பொறுத்துக்கொள்கிறார்கள். மேலும், தாங்க முடியாத எரிச்சல் என்பது அளவு மிகுந்துவிட்டது என்று உடல் தரும் எச்சரிக்கை. தோலை முழுவதும் மரக்கச் செய்துவிட்டால் அந்த எச்சரிக்கையை நீங்கள் இழந்துவிடுகிறீர்கள்.

கேள்வி: எனக்கு 52 வயது, சர்க்கரை நோய் உண்டு. மாதவிலக்கு நின்ற பிறகு தாடையில் முடி வருகிறது, பாதி நரைத்துவிட்டது. சிறுவயதில் முன்கையில் பச்சை குத்தியிருக்கிறார்கள். லேசர் செய்துகொள்ளலாமா? — வாசகி, அலங்காநல்லூர்

பதில்: கறுத்த முடிக்குச் செய்யலாம், நரைத்த முடிக்கு எந்த லேசரும் பயன்படாது. உறிஞ்ச மெலனின் இல்லாதபோது ஒளி அதைக் கடந்து போய்விடும். வெள்ளை முடிக்கும் லேசர் உண்டு என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள். நரைத்தவற்றுக்கு, மெல்லிய ஊசியை ஒவ்வொரு வேர்ப்பையிலும் செலுத்தி மின்சாரத்தால் அழிக்கும் எலக்ட்ராலிசிஸ் இருக்கிறது. மெதுவான வேலைதான், ஆனால் தாடையில் பத்திருபது முடி என்றால் அதுவே சிறந்தது. இன்னும் தாமதித்தால் மீதமுள்ள கறுப்பும் நரைத்துவிடும் என்பதால், லேசர் செய்வதானால் இப்போதே செய்துகொள்ளுங்கள்.

சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் தடையில்லை. அண்மையில் எடுத்த எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) அறிக்கையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். சர்க்கரை மிகுந்திருந்தால் சிறு கொப்புளமும் ஆறத் தாமதமாகும். பச்சை குத்திய இடத்தின்மேல் லேசர் படவே கூடாது. அந்த மை முடியைவிட அதிகமாக ஒளியை உறிஞ்சி, கொப்புளமாக்கிவிடும். தாடைக்குச் செய்யும்போது முன்கை சம்பந்தப்படாது. ஆனால் நம் பக்கத்து மூத்த பெண்கள் சிலர் தாடையிலேயே பச்சைப் பொட்டு குத்தியிருப்பார்கள், அவர்களுக்கு அந்த இடத்தை மூடித் தள்ளி நின்று செய்ய வேண்டும்.

கேள்வி: நான் வேன் ஓட்டுநர், வயது 28. பிட்டத்தின் மேல்பக்கப் பிளவில் பைலோனிடல் சைனஸ் வந்து ஆபரேஷன் ஆகி மூன்று மாதமாகிறது. மீண்டும் வராமலிருக்க லேசரில் முடியை எடுக்கச் சொல்கிறார் சர்ஜன். இது அழகுக்காகச் செய்வதல்லவா? — வாசகர், உசிலம்பட்டி

பதில்: உங்கள் சர்ஜன் சொல்வது முற்றிலும் சரி, தம்பி. அந்தப் பிளவில் உதிர்ந்த முடி, உட்கார்ந்திருக்கும் அழுத்தத்தாலும் வியர்வையாலும் தோலுக்குள் துளைத்து நுழைவதால்தான் அந்தச் சீழ்ப்புரை உண்டாகிறது. இரண்டாம் உலகப் போரில் கரடுமுரடான பாதைகளில் வண்டி ஓட்டிய அமெரிக்கப் படைவீரர்களிடம் இது மிகுதியாகக் காணப்பட்டு, "ஜீப் நோய்" என்றே பெயர் பெற்றது. நாள் முழுதும் இருக்கையில் இருக்கும் ஓட்டுநரான உங்களுக்கு மீண்டும் வரும் வாய்ப்பு இருக்கிறது. அங்கே முடியைக் குறைத்தால் அந்த வாய்ப்பும் குறையும்.

புண் முழுவதும் ஆறி, நீர்க்கசிவு நின்ற பிறகே தொடங்க வேண்டும். முந்திய நாள் அந்த இடத்தை மழிக்க வீட்டில் யாரையேனும் உதவச் சொல்லுங்கள், அல்லது மருத்துவமனையிலேயே செய்துவிடச் சொல்லுங்கள்; கண்ணாடி பார்த்துத் தானே மழிக்கப்போய்த் தழும்பைக் கீறிக்கொள்பவர்கள் உண்டு. அமர்வு முடிந்த இரண்டு நாள் நீண்ட டிரிப்பைத் தவிர்த்து, தளர்வான பருத்தி உள்ளாடை அணியுங்கள்.

கேள்வி: முகப்பருவுக்காக ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுகிறேன். அதற்கு முன் டாக்சிசைக்ளின். எவ்வளவு நாள் கழித்து லேசர் செய்யலாம்? — கல்லூரி மாணவி, மதுரை

பதில்: ஐசோட்ரெடினாயினை நிறுத்தி ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது நீண்ட காலமாக இருந்த விதி. 2017-இல் அமெரிக்கத் தோல் அறுவைச் சிகிச்சைச் சங்கம் வெளியிட்ட ஒருமித்த பரிந்துரை, லேசர் முடி நீக்கத்தை அப்படித் தள்ளிப்போடப் போதிய ஆதாரம் இல்லை என்று சொன்னது. ஆயினும் அந்த மாத்திரை தோலையும் உதட்டையும் வறள வைக்கிறது. வெடித்து உரியும் தோலில் நான் லேசர் வைப்பதில்லை. மருந்துச் சீட்டைக் காட்டி, உங்கள் தோலின் அன்றைய நிலையைப் பார்த்து முடிவு செய்யச் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் வெயிலைத் தோல் தாங்கவிடாமல் செய்யும். அதனால் சிவந்த தோல் தேறும் வரை காத்திருங்கள். பருவுக்கு இரவில் பூசும் ட்ரெடினாயின், அடபலீன் களிம்புகளைச் சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள். சீழ் வைத்த பரு நிறைய இருக்கும் நாளில் வந்தால், திருப்பி அனுப்புவதுதான் உங்களுக்குச் செய்யும் நன்மை.

கேள்வி: நான்கு மாதக் கர்ப்பம். பாதியில் நிற்கும் லேசர் அமர்வுகளைத் தொடரலாமா? — வாசகி, மேலூர்

பதில்: பிரசவம் வரை நிறுத்தி வையுங்கள். குழந்தைக்குத் தீங்கு என்று நிரூபணமாகவில்லை. ஆனால் பாதுகாப்பானது என்று சொல்லும் ஆய்வும் இல்லை, அவசரமும் இல்லை. கர்ப்பத்தில் தோல் எளிதில் கறுக்கும், கூடுதலாக முளைக்கும் முடியில் ஒரு பகுதி பிரசவத்துக்குப் பின் தானே உதிரவும் செய்யும்.

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளின் கன்னத்தில் மெல்லிய பூனைமுடி இருக்கிறது. பள்ளியில் கேலி செய்கிறார்கள். விடுமுறையில் லேசர் செய்துவிடலாமா? — ஒரு தந்தை, திருமங்கலம்

பதில்: வேண்டாம். மெல்லிய பூனைமுடியில் லேசர் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு நிறமி இல்லை. அதைவிட முக்கியமானது, கன்னத்திலும் கழுத்திலும் இருக்கும் மெல்லிய முடியில் லேசரின் குறைந்த சூடு பட்டு, அது முன்பைவிடத் தடித்து வளர்ந்துவிடுவதும் உண்டு. முரண் முடிவளர்ச்சி எனப்படும் இந்த விளைவு நம்மைப் போன்ற கறுத்த நிறத்தவரிடமும், ஹார்மோன் கோளாறு உள்ள பெண்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. இல்லாத பிரச்சினையைப் பணம் கொடுத்து வாங்கியதாகிவிடும். வீட்டில் பயன்படுத்தும் ஐ.பி.எல். என்ற, ஒளியால் முடி நீக்கும் கருவியை இணையத்தில் வாங்கிக் கொடுப்பதற்கும் இதே பதில்தான்; அவற்றின் பெட்டியிலேயே இருக்கும் நிற அட்டவணையைப் பாருங்கள், மிகக் கறுத்த தோலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று போட்டிருக்கும்.

மாதவிலக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று அவள் அம்மாவை விசாரிக்கச் சொல்லுங்கள். ஒழுங்காக இருந்து, முடியும் மெல்லியதாகவே இருந்தால், இப்போதைக்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. அவளுக்கே உறுத்தலாக இருந்தால் முகத்துக்கான ரேசரை எப்படிப் பிடிப்பது என்று அம்மா கற்றுக்கொடுக்கட்டும். கேலி செய்யும் பிள்ளைகளைப் பற்றி வகுப்பு ஆசிரியையிடம் நீங்கள் நேரில் போய்ப் பேசுங்கள். தாடையில் கறுத்த தடித்த முடி தெரியத் தொடங்கினால், அப்போது அவளை அழைத்து வாருங்கள்.